இலவசமாகக் கிடைத்தும் எட்டாத மருந்து: தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

1996 ஜூலையில் கனடாவின் வான்கூவர் நகரில் எய்ட்ஸ் மாநாடு நடந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. வைரஸை உடலுக்குள் அடக்கி வைக்கலாம் என்பது அங்கே உறுதியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எய்ட்ஸ் இறப்பு விகிதம் 47 சதவீதம் குறைந்தது. சாவு நிச்சயம் என்றிருந்த நோய், தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய நோயாக மாறியது.

இந்த மருந்துகளுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆனது. நோயோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் இருந்ததோ சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். அதனால் ஒரே கிருமி, ஒரே மருந்து, ஆனால் யார் பிழைப்பார் என்பதை வருமானமும் பிறந்த நாடும் தீர்மானித்தன. 2023 முடிவில் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த 3.99 கோடிப் பேரில் 3.07 கோடிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். 2004ல் ஏறக்குறைய 20 லட்சமாக இருந்த ஆண்டு மரணம் 6.3 லட்சமாக இறங்கியிருந்தது. இடையில் என்ன நடந்தது?

இதைப் பேச நான் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். ஏழைக்கும் மருந்துக்கும் நடுவே நின்ற எல்லாத் தடைகளையும் அந்த ஒரே நாட்டில் பார்க்க முடிகிறது: காப்புரிமை, வணிக மிரட்டல், சொந்த அரசின் மறுப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசு இல்லாமை. வெளிநாட்டு உதவியால்தான் இது நடந்தது என்று சொல்வோர் உண்டு. மருந்து விலை குறைந்ததும் தானாக நடந்தது என்று சொல்வோரும் உண்டு. இரண்டுமே பாதிக் கதைதான் என்பது என் கருத்து.

நோய் வந்தபோது நாடு இருந்த நிலை

1990ல் தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் எச்.ஐ.வி. இருந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2000ல் அது 24.5 சதவீதம். நான்கில் ஒருவர்! இடைப்பட்ட பத்து ஆண்டுகளில்தான் நிறவெறி ஆட்சி முடிந்தது, மண்டேலா அதிபரானார், புதிய அரசியல் சாசனம் வந்தது.

நிறவெறி ஆட்சி விட்டுச் சென்ற சமூக அமைப்பு இந்த நோய் பரவுவதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. சுரங்கங்களுக்கு ஆண்கள் மட்டும் வேலைக்குப் போய் விடுதிகளில் ஆண்டு முழுக்கத் தங்கினார்கள். குடும்பம் தொலைவில், கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வறண்ட பகுதியில் இருந்தது. மருத்துவமும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தனியார் காப்பீடு இருந்தவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். ஆனால் நாட்டின் மருத்துவச் செலவில் பாதி அந்தச் சிறு பகுதியினருக்கே போனது.

2000 ஜூலையில் ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக, டர்பன் நகரில், உலக எய்ட்ஸ் மாநாடு கூடியது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை முந்தைய ஆண்டே வெளிப்படையாக அறிவித்திருந்த நீதிபதி எட்வின் கேமரூன் அங்கே பேசினார். தன் சம்பளத்தில் மருந்து வாங்க முடிந்ததால்தான் தான் உயிரோடு நிற்பதாகவும், அந்த வசதி இல்லாத லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். இந்த ஏற்றத்தாழ்வை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியதாக எனக்குத் தெரியவில்லை.

39 நிறுவனங்களின் வழக்கு

1997ல் மண்டேலா அரசு மருந்துச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் மருந்து வேறொரு நாட்டில் மலிவாக விற்றால் அங்கிருந்தே வாங்கி இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பது அதில் முக்கியமான பிரிவு. 1998ல் 39 மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் இதற்கு எதிராக வழக்குப் போட்டன. அமெரிக்கா தன் வணிகக் கண்காணிப்புப் பட்டியலில் தென்னாப்பிரிக்காவைச் சேர்த்தது. 1995ல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தத்தை, அதாவது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தை, இந்தத் திருத்தம் மீறுகிறது என்பதே அவர்கள் வாதம்.

1998 டிசம்பர் 10 அன்று கேப் டவுனில் ஜாக்கி அக்மத் உள்ளிட்ட சிலர் டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். அக்மத்துக்கே எச்.ஐ.வி. இருந்தது. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்து, 2003வரை அதைக் கடைப்பிடித்தார். இயக்கத்தினர் சாதாரண மக்களுக்கு வைரஸ் எப்படி வேலை செய்கிறது, மருந்து எங்கே தடுக்கிறது, காப்புரிமை என்றால் என்ன என்று வகுப்பெடுத்தார்கள். சேரிகளில் வாழ்ந்த பெண்கள் தங்கள் ரத்தப் பரிசோதனை எண்களைப் பற்றி டாக்டர்களோடு விவாதிக்கும் அளவுக்குத் தெரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவில் 1999ல் துணை அதிபர் அல் கோர் தேர்தல் பிரசாரம் தொடங்கிய கூட்டங்களிலேயே எய்ட்ஸ் ஆர்வலர்கள் புகுந்து, இந்த வணிக நெருக்கடியை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். 2000 மே மாதம் அதிபர் கிளின்டன், சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகள் எய்ட்ஸ் மருந்து விஷயத்தில் எடுக்கும் சட்ட நடவடிக்கைகளுக்கு எதிராக அமெரிக்கா நெருக்கடி கொடுக்காது என்று ஆணை பிறப்பித்தார். 2001 மார்ச்சில் பிரிட்டோரியாவில் விசாரணை தொடங்கியது. அதற்குள் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

விலை எப்படி விழுந்தது

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2001 பிப்ரவரியில், இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையை, நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுப்பதாக இருந்தால், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நபருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

இது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் பொதுக் கொள்கையின் பாடம் இருக்கிறது. இந்தியா 1970ல் இயற்றிய காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை தரவில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரித்தால் அது குற்றமில்லை. முப்பது ஆண்டுகளாக இந்தச் சட்டத்தின் நிழலில் ஒரு முழு மருந்துத் தொழில் வளர்ந்திருந்தது. டிரிப்ஸ் ஒப்பந்தம் இந்தியாவுக்குக் கொடுத்த அவகாசம் 2004 முடிவுவரை இருந்தது. எய்ட்ஸ் மருந்துகள் அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்தன.

மலிவு மட்டும் இல்லை, மருந்தும் மேம்பட்டது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்றையும் பணக்கார நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்கள் விற்றன. அதனால் மூன்றையும் ஒரே மாத்திரையாக்க அங்கே யாரும் முன்வரவில்லை. இந்தியாவில் அந்தத் தடை இல்லை. மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்கி, காலை ஒன்று மாலை ஒன்று என்று சிப்லா கொண்டுவந்தது. ஏழைகளுக்கான மருந்து தரத்தில் தாழ்ந்ததாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அப்போது ஆப்பிரிக்காவுக்குப் போன மாத்திரை, சாப்பிடுவதற்கு அமெரிக்க நோயாளியின் மாத்திரைக் கட்டைவிட எளிதாக இருந்தது.

ஸ்டாவுடினின் காப்புரிமை யேல் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அங்கே மாணவர்கள் கிளம்பினார்கள். அந்த மருந்தின் பயனைக் கண்டறிந்த பேராசிரியர் வில்லியம் புரூசாஃபும் அவர்கள் பக்கம் நின்றார். 2001 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று உரிமம் பெற்றிருந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பிரேசில் இதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. 1996ல் சட்டம் இயற்றி எல்லோருக்கும் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கி, பலவற்றை அரசு ஆலையிலேயே தயாரித்தது. பிரேசிலின் காப்புரிமைச் சட்டத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா கொண்டுவந்த புகாரை 2001 ஜூனில் அமெரிக்காவே கைவிட்டது.

இத்தனையும் சேர்ந்துதான் 2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் ஒரு பிரகடனமானது. பொது மக்களின் உடல்நலத்தைக் காக்க நாடுகள் நடவடிக்கை எடுப்பதை டிரிப்ஸ் தடுக்காது, தடுக்கவும் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒருமனதாக எழுதின. காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே பிறர் தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமத்தை எப்போது வழங்குவது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்றும் தெளிவாக்கின. புதிதாக எந்த உரிமையும் அதில் தரப்படவில்லை. ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்ததைப் பயன்படுத்தினால் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதிதான் கிடைத்தது. ஏழை நாட்டு அமைச்சர்களுக்கு அதுவே பெரிய பலம்.

சொந்தமாக மருந்து தயாரிக்க முடியாத நாடுகள் என்ன செய்வது என்ற கேள்விக்கு 2003ல் ஒரு தனி நடைமுறை வகுத்தார்கள். படிவங்களும் நிபந்தனைகளும் நிறைந்த அந்த நடைமுறையில் கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு ஒரே ஓர் உரிமத்தின் கீழ் மருந்து போனது. அவ்வளவுதான்.

விலையே இல்லாத மருந்து

விலைதான் பிரச்சினை என்றால் நெவிராபின் கதையை விளக்க முடியாது. பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு சொட்டு மருந்து. இவ்வளவே போதும், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று உகாண்டாவில் நடந்த ஆய்வு 1999ல் காட்டியது. 2000ல் அதைத் தயாரிக்கும் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு வளரும் நாடுகளுக்கு இலவசமாகவே தருவதாகச் சொன்னது.

தென்னாப்பிரிக்க அரசு மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் சோதனை முறையில் கொடுத்தது. மற்ற அரசு மருத்துவமனைகளில் டாக்டர் நினைத்தாலும் எழுதித் தர முடியாது. அதிபர் தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் மருந்துக்கு மாற்றாகப் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை பற்றிப் பேசினார். அதே நேரத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போன பெண்ணுக்கு அந்த மருந்து கிடைத்தது. அரசு மருத்துவமனைக்குப் போன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை; தடுத்திருக்கக்கூடிய தொற்று பல குழந்தைகளுக்கு வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபம் இன்னும் குறையவில்லை.

டிரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் இயக்கம் இம்முறை சொந்த அரசுக்கு எதிராக வழக்குப் போட்டது. மருத்துவ வசதி பெறும் உரிமை நாட்டின் அரசியல் சாசனத்தின் 27வது பிரிவில் இருக்கிறது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கையில் இருக்கும் மருந்தைச் சோதனை இடங்களுக்குள் அடைத்து வைப்பது நியாயமான கொள்கை ஆகாது, கட்டுப்பாட்டை நீக்கு, மற்ற இடங்களுக்கும் விரிவுபடுத்து. உடல்நலம் அடிப்படை உரிமை என்று சாசனத்தில் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் நோயுற்ற பெரியவர்களுக்கான முழுச் சிகிச்சைத் திட்டத்தை அமைச்சரவை 2003 நவம்பரில்தான் ஏற்றது. 2004 ஏப்ரலில்தான் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தத் தாமதத்தால் 3.3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008ல் மதிப்பிட்டார்கள். இவற்றில் பெரும்பாலானவை மருந்து உலகச் சந்தையில் மலிவாகிவிட்ட பிறகு நடந்த சாவுகள்.

ஏழைகளால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட முடியுமா?

மருந்து கிடைத்தாலும் ஆப்பிரிக்கர்களால் நேரத்துக்குச் சாப்பிட முடியாது என்ற வாதமும் அப்போது மதிப்போடு உலவியது. அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைவரே 2001ல், பலருக்குக் கடிகார நேரம் என்றால் என்னவென்றே தெரியாது என்கிற தொனியில் பேசினார்.

இதற்குப் பதில் கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷாவிலிருந்து வந்தது. தகரக் குடிசைகள் நிறைந்த அந்தப் பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 மே மாதம் அரசு கிளினிக்குகளுக்குள்ளேயே சிகிச்சை தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸ் அளவு அடங்கியது. பின்னர் 2006ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் சஹாராவுக்குத் தெற்கே 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம் என்று தெரிந்தது. ஏழைகளின் ஒழுங்கைப் பற்றிய சந்தேகத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அரசு மனம் மாறிய பிறகு

2008ல் புதிய சுகாதார அமைச்சர் வந்தார். 2010ல் நாடு தழுவிய பரிசோதனை இயக்கம் தொடங்கியது. டாக்டர் இல்லாத சிறு கிளினிக்குகளில் நர்ஸ்களே சிகிச்சை தொடங்க அனுமதி கிடைத்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமான மாற்றமாகப் படுகிறது. டாக்டர்தான் மருந்து எழுத வேண்டும் என்றால் சிகிச்சை நகரத்தோடு நின்றுவிடும். நர்ஸ் எழுதலாம் என்றால் கிராமத்துக்குப் போகும். அதே ஆண்டு மருந்துக் கொள்முதல் டெண்டரைப் போட்டிக்குத் திறந்துவிட்டதில் விலை 53 சதவீதம் குறைந்தது. மொத்தமாக வாங்கும் அரசு தன் பலத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கிராமப் பகுதி ஒன்றில் வீடு வீடாகக் கணக்கெடுத்து வந்தவர்கள் 2013ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே வயதுவந்தோரின் சராசரி ஆயுள் 2003ல் 49.2, 2011ல் 60.5. எட்டு ஆண்டுகளில் பதினோரு ஆண்டு கூடியது. பிறந்து ஆறு வாரத்தில் குழந்தைகளுக்குத் தொற்று இருந்த விகிதம் 2011ல் நாடு முழுக்க 2.7 சதவீதமாகக் குறைந்தது. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் இன்று சிகிச்சையில் இருக்கிறார்கள். உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் அதுதான்.

ஆனால் மாத்திரை இலவசமான பிறகும் ஏழ்மை விடவில்லை. கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். மாதாமாதம் வரிசையில் நிற்க வேலை தரும் முதலாளி விடமாட்டார். நோய் முற்றியவர்களுக்கு அரசு தந்த உடல்நலக் குறைவு உதவித்தொகை, மருந்தால் ஆள் தேறியதும் நின்றுபோனது. வீட்டின் ஒரே வருமானமே அதுதான் என்றால் தேறுவதே இழப்பாகிவிடுகிறது! நோய்க்கு ஒரு துறை, வறுமைக்கு ஒரு துறை என்று பிரித்து வைத்தால் இப்படித்தான் நடக்கும். இதற்கு மாறாக, ஏழைக் குழந்தைகளுக்கு 1998 முதல் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை எச்.ஐ.வி.க்காக வந்ததே இல்லை. ஆனால் அது கிடைத்த வீட்டு வளரிளம் பெண்கள், பணத்துக்காக வயதில் மூத்த ஆண்களோடு உறவு கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுவது குறைந்தது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

கயெலிட்ஷாவில் 2007ல் தொடங்கிய குழு முறையும் இந்த வகையில் நல்ல யோசனை. உடல்நிலை சீராக இருப்பவர்கள் முப்பது பேர்வரை சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒரு சுகாதாரப் பணியாளர் எடை பார்த்து, கட்டி வைத்த மருந்தைக் கொடுத்துவிடுவார். வரிசை இல்லை, நாள் வீணாவதில்லை.

வெளியிலிருந்து வந்த பணம்

2002ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலகளாவிய நிதியம் தொடங்கியது. 2003ல் அமெரிக்கா ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் என்று பெப்ஃபார் எனும் வெளிநாட்டு எய்ட்ஸ் உதவித் திட்டத்தை அறிவித்தது. 2006ல் பிரான்ஸ் முன்னின்று, விமான டிக்கெட்டில் சிறு வரி போட்டு மருந்து வாங்கும் யூனிட்எய்டை உருவாக்கியது. 2010ல் வந்த மருந்துக் காப்புரிமைத் தொகுப்பு, நிறுவனங்களிடம் உரிமம் வாங்கி, அதே மருந்தை மலிவாகச் செய்யும் ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்குப் பகிர்ந்தது. 2017ல் டோலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்த புதிய ஒற்றை மாத்திரைக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். 2023ல் அது 45 டாலருக்கும் கீழே இறங்கியது.

இவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் கோடிக்கணக்கில். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே ஆணையில் நிறுத்தியபோது என்ன ஆனது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் பெப்ஃபாரின் பங்கு 17 சதவீதம்தான். மாத்திரைகளைப் பெரும்பாலும் தன் வரிப்பணத்தில் அரசே வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் மருந்து நிற்கவில்லை. ஆலோசகர்கள், தகவல் பதிவாளர்கள், வீடு தேடிப்போன பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மொத்தச் செலவுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்த நாடுகளின் நிலை இதைவிட மோசம். விதியை மாற்றிய ஒத்துழைப்பு, அதாவது தோஹாவும் காப்புரிமைத் தொகுப்பும், எந்த அதிபர் வந்தாலும் நிலைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டை நம்பிய ஒத்துழைப்பு அப்படி நிலைக்கவில்லை.

2020 அக்டோபரில் கொரோனா தடுப்பூசிக்கும் மருந்துக்கும் தற்காலிகமாகக் காப்புரிமையைத் தள்ளிவைக்கச் சொல்லி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. இருபது மாதம் கழித்து, 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும் ஒரு சுருங்கிய முடிவு வந்தது. அப்போது நெருக்கடியின் உச்சம் கடந்துபோயிருந்தது. 2005க்குப் பிறகு இந்தியாவிலும் பொருள் காப்புரிமை உண்டு என்பதால் 2001ல் திறந்திருந்த அந்தக் கதவு இப்போது பாதி மூடியிருக்கிறது.

அடுத்த சோதனை ஏற்கெனவே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல். 120 நாடுகளுக்கு விற்க ஆறு ஜெனரிக் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள். 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக இந்திய நிறுவனங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு இல்லை. இந்த நான்கு நாடுகளிலும் அந்த மருந்தின் சோதனை நடந்தது. அங்குள்ளவர்கள் தங்கள் உடலைக் கொடுத்து அதில் பங்கேற்றார்கள். சோதனைக்கு அனுமதி கேட்டு நிறுவனம் வரும்போதே, மருந்து வெற்றி பெற்றால் எங்கள் நாட்டுக்கு என்ன விலைக்குத் தருவீர்கள் என்று அரசும் நெறிமுறைக் குழுவும் எழுதி வாங்க வேண்டும். உரிமம் கையெழுத்தான பிறகு கேட்டால் தாமதம்.